ரோடு ஏற ஏற வீடு இறங்குது

நாகர்கோவில் வடசேரியில் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், "கூரை எப்படி இருக்கு, ஒழுகுதா?" கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. உத்திரமும் கைமரமும் அயினி, இன்னும் இரண்டு தலைமுறைக்கு அசையாது. தேங்காய் விழுந்தால் நாலு ஓடு உடையும், ஆள் ஏறி மாற்றிவிட்டு இறங்குவான், அவ்வளவுதான். எங்கள் தொந்தரவு எல்லாம் கீழே இருந்து வருகிறது. தெரு உயர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பாட்டாவின் கல்யாணத்தன்று வாசலில் எடுத்த போட்டோ ஒன்று பட்டாசலில், அதாவது கூடத்தில், மாட்டியிருக்கிறது. தெருவிலிருந்து வாசல் முகப்பான படிப்புரைக்கு ஏற மூன்று கருங்கல் படி அதில் தெளிவாகத் தெரியும், நடுப்படியில் யார் வீட்டுப் பையனோ டவுசரோடு உட்கார்ந்து கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டு படி இருந்தது. காலேஜ் முடித்தபோது அரைப்படி. இன்றைக்குத் தெருவிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் ஒரு படி இறங்க வேண்டும். அந்த மூன்று படியும் எங்கேயும் போகவில்லை, தாருக்கும் ஜல்லிக்கும் கான்கிரீட்டுக்கும் இன்டர்லாக் கல்லுக்கும் அடியில் அப்படியே கிடக்கின்றன. பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டியபோது ஒரு படியின் மூலை வெளியே தெரிந்தது. அம்மை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நான் கெட்டி வந்த காலத்துல ரோட்டுல போறவன் நம்மள அண்ணாந்துதான் பாப்பான். இப்ப பட்டாசலுக்குள்ள எட்டிப் பாத்துட்டுல்லா போறான்" என்பது அவளுடைய நிரந்தரப் புகார். உண்மைதான். திண்ணையில் உட்கார்ந்தால் பைக்கில் போகிறவனின் முழங்கால் நம் முகத்துக்கு நேரே போகிறது.

வீட்டின் வயது நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கியிருக்கிறது: 1109. சென்னையிலிருந்து வந்த அத்தான் மகன் அதைப் பார்த்துவிட்டு, தொள்ளாயிரம் வருஷத்து வீடு என்று போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷம். 825 கூட்டிக்கொள்ள வேண்டும், 1933-34 வரும். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரம் எதை எடுத்தாலும் இந்தக் கூட்டலைப் போட்டுத்தான் ஆக வேண்டும், மாதமும் சிங்கம், கன்னி, துலாம் என்றுதான் இருக்கும். வீட்டைக் கட்டிய பூட்டனின் (பாட்டாவின் அப்பா) கணக்குப் புத்தகத்தில் ஓட்டு விலையும் ஆசாரி கூலியும் சக்கரம் என்கிற திருவிதாங்கூர் நாணயத்தில் எழுதியிருக்கிறது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். இங்கிலீஷ் ரூபாய்க்கு இன்னும் அரைச் சக்கரம் கூட. ஒரு ஜன்னலின் விலையைக் கண்டுபிடிக்க நானும் அக்காவும் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்திருக்கிறோம்.

அந்த வீடு கட்டப்பட்டதற்கே ஒரு சட்டம்தான் காரணம். அதுவரை எங்கள் ஆட்களிடம் மருமக்கள்வழி. சொத்து மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும், பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு துண்டு கிடைத்தால் பெரிது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்த பிறகு பெரிய குடும்பங்கள் எல்லாம் பாகம் பிரிய ஆரம்பித்தன. பூட்டனுக்குக் கொஞ்சம் வயலும் வடசேரியில் ஒரு மனையும் பாகத்தில் வந்தது, அந்த மனையில் இந்த வீடு. ஆகையால் இது பரம்பரை பரம்பரையாக வந்த தறவாட்டு வீடு என்று யாராவது பெருமை பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். பெரிய வீட்டிலிருந்து சண்டை போட்டு வெளியே வந்தவன் கட்டிய வீடு இது. அவருடைய பேரனின் பிள்ளைகள் இப்போது இதில் பாகம் கேட்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வீடு ஓர் அடிகூட நகராமல் திருவிதாங்கூரில் இருந்தது, 1949-க்குப் பிறகு திரு-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்தில் இருந்தது, 1969 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அத்தனை அரசுகளும் மாறியபோதும் படி மூன்றும் மூன்றாகத்தான் இருந்தது என்று அப்பா சொல்வார். தார் ரோடு வந்த பிறகுதான் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது.

வடசேரியைத் தெரியாதவர்களுக்கு: நாகர்கோவிலுக்கு வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்குகிற கிறிஸ்டோபர் பஸ் நிலையம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் கனகமூலம் சந்தை. விடியும் முன்பே ஏத்தங்குலையும் மட்டிக்குலையும் செந்துளுவனும் வந்து இறங்கும், மரச்சீனிக் கிழங்கு மண்ணோடு குவிந்து கிடக்கும், தமிழும் மலையாளமும் கலந்து விலை பேசுவார்கள். கிழக்கே போனால் ஒழுகினசேரி, பழையாற்றுப் பாலம், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல் பிறந்த ஊர். நடந்து போகிற தூரத்தில் நாகராஜா கோவில். பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் போட்டுக்கொள்கிற சிவப்புக் கெம்புக் கல் வைத்த நெத்திச்சுட்டியும் ஒட்டியாணமும் எங்கிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் வடசேரியின் சின்னச் சின்ன வீட்டுத் திண்ணைகளிலிருந்துதான். நாகர்கோவில் கோவில் நகைகள் என்று அதற்குப் புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறார்கள். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த முடுக்கில் தறிச் சத்தம் கேட்கும், மத்தியானம் அந்தச் சத்தத்தில்தான் ஆச்சி தூங்குவாள். இப்போது அங்கே இரண்டு மாடி லாட்ஜ் இருக்கிறது, சத்தம் ஜெனரேட்டருடையது.

ஒரு காலத்தில் வடசேரி தனி ஊர், கோட்டாறு தனி ஊர், வடிவீஸ்வரம் தனி ஊர். நடுவில் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் இருந்தன. 1893-ல் கட்டிய மணிமேடை வரைக்கும் போய்விட்டு வந்தால் "டவுணுக்குப் போய்ட்டு வாறேன்" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள், இத்தனைக்கும் நடக்கிற தூரம்தான். இன்று எல்லாம் ஒட்டிப் போய், ஊருக்கு நடுவில் வந்துவிட்டோம். மனை விலை ஏறியது, அது ஒரு பக்கம். தண்ணீர் போய்த் தங்க இடம் இல்லாமல் போனது இன்னொரு பக்கம்.

பழைய ஆட்கள் வீடு கட்டியபோது தண்ணீரையும் காற்றையும் நினைத்துத்தான் கட்டினார்கள் என்பது இந்த வீட்டில் இருந்தால் தெரியும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசி நடுவில், இடவப்பாதியில், மேற்கிலிருந்து வருவது ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் வருவது இன்னொன்று. அது போதாது என்று ஆனி ஆடியில் அரல்வாய்மொழி கணவாயைப் பார்த்து ஓடுகிற மேல்காற்று. அந்தக் காற்றைப் பிடிக்கத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது! எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது, அந்தப் பக்கத்து இறவாணம், அதாவது கூரையின் விளிம்பு, ஆள் குனிந்து போகிற உயரத்துக்குத் தாழ இறங்கியிருக்கும், சாரல் சுவரைத் தொடாது. நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் நடு முற்றத்தில் விழுந்து, கல் பாவிய ஓடை வழியாகப் படிப்புரைக்கு அடியில் புகுந்து தெரு ஓடைக்குப் போய்விடும். அடித்துப் பெய்தாலும் முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. தெரு ஓடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், கடைசியில் பழையாறு. இதெல்லாம் தெரு தாழ்வாக இருக்கும், வீடு மேடாக இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் தெரு மேடாகிவிட்டால் என்ன ஆகும்? முற்றத்திலிருந்து வெளியே போன ஓடை வழியாகத் தெரு உள்ளே வரும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எங்கள் தெருவில் மரம் விழுந்தது, கரண்ட் பல நாள் இல்லை, ஓடு பறந்தது, அதெல்லாம் எல்லாருக்கும் நடந்தது, பேசிப் பேசித் தீர்த்தாயிற்று. எங்களுக்கு மட்டும் நடந்தது 2021 நவம்பரில். பழையாறு கரை மீறி ஓடிய அந்த மழையில், முற்றத்து ஓடையின் வாயிலிருந்து தண்ணீர் குமிழிட்டு மேலே வந்ததை அம்மை பார்த்திருக்கிறாள். மேலே இருந்து விழுகிற மழைத் தண்ணீர் அல்ல. சாக்கடை. அரங்கு என்கிற உள்ளறைக்குள் வைத்திருந்த பத்தாயத்தின் அடிப்பலகை வரை ஏறி நின்றது. பத்தாயத்தில் நெல் கிடையாது, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் அறுத்து கோட்டை கோட்டையாகக் கொண்டு கொட்டிய காலமெல்லாம் போய்விட்டது. பழைய பாத்திரமும் கல்யாண ஆல்பமும் அப்பாவின் ரேடியோவும்தான் அதற்குள் இருந்தன. ஆல்பம் போயிற்று.

அதற்குப் பிறகுதான் தெருவை ஒழுங்காகக் கவனித்தேன். எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் ரோட்டிலிருந்து மூன்றடி, நாலடி மேலே தரை போடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு தடவை ரோடு போட்டால் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கீழே கார் நிறுத்த இடம், மேலே வீடு. கார் ஏறச் சாய்தளம் போட வேண்டுமே, அதைத் தெரு ஓடையின் மேலேயே போட்டு மூடிவிடுகிறார்கள். சாய்தளத்தில் விழுகிற மழை முழுக்கத் தெருவுக்கு வரும். மொட்டைமாடித் தண்ணீரும் குழாய் வழியாகத் தெருவுக்கு வரும். ரோடு போடுகிறவர்கள் புது வீடுகளின் வாசலைப் பார்த்து மட்டம் வைக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் அந்த ரோட்டைப் பார்த்து இன்னும் ஓர் அடி தூக்குகிறார். இப்படி ஒருவரை ஒருவர் பார்த்து உயர்ந்துகொண்டே போகிற தெருவில், உயர முடியாமல் நிற்கிற ஒரே பழைய வீடு எதுவோ அதுதான் தெருவுக்கு ஓடை. பழைய வீடுகள் வயதாகி விழுகின்றன என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்த வரைக்கும் வடசேரியிலும் வடிவீஸ்வரத்திலும் போன பழைய வீடுகளில் பாதிக்கு மேல் மட்டத்தால் போனவை. கூரை நன்றாக இருக்கும்போதே இடித்தார்கள்.

வீட்டைக் காப்பாற்றுங்கள், பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் தூணைப் பற்றிப் பேசுவார்கள், மரவேலையைப் பற்றிப் பேசுவார்கள், ஓட்டில் கோழிக்கோட்டுப் பக்கத்து ஃபெரோக் முத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள் (இருக்கிறது, காமன்வெல்த் ஓடு). ஒருவர்கூட உங்கள் வாசல் ரோட்டுக்கு மேலா கீழா என்று கேட்டதில்லை. நான் இப்போது எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கரமனையில் அக்கா வீடு இருக்கிறது, திருவனந்தபுரத்தில் பழைய அக்கிரகாரத் தெருக்கள் இருக்கிற இடம், அங்கேயும் இதே கதைதான். தம்பானூரில் அரை மணி நேர மழைக்கு ரயில் நிலையத்து வாசல் குளமாகும். 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று பெயர் வைத்து மூடிக் கிடந்த ஓடைகளைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ரோடு மலையாளத்தில் போட்டாலும் தமிழில் போட்டாலும் மேலேதான் போகும் போல.

சரி, என்ன செய்யலாம் என்று பார்த்தோம். முதலில் எல்லாரும் சொன்னது, தரையைத் தூக்கு, ஓர் அடி மண் போட்டு டைல்ஸ் ஒட்டு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைகள் ஐந்தரை அடி. அந்தக் காலத்தில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்தார்கள் என்று சொல்வார்கள், மரம் மிச்சம் பிடிக்க வைத்தார்கள் என்று பெரியப்பா சொல்வார், எதுவாக இருந்தாலும் ஓர் அடி தரையை உயர்த்தினால் நாலரை அடி நிலையில் தவழ்ந்துதான் போக வேண்டும். நிலையை உயர்த்தினால் மேலே மச்சு இடிக்கும். மச்சை உயர்த்தினால் கூரை. ஆசாரி கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களைக் கூப்பிட்டோம். இது இப்போது நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது, வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஹரியானாக்காரர்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து இரும்புச் சேனலும் ஜாக்கியும் சொருகிக்கொண்டே போவார்கள், வீட்டின் மொத்தப் பாரமும் ஜாக்கிகளின் மேல் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவில் திருப்புவார்கள், ஒரு நூல் இரண்டு நூலாக வீடு மேலே வரும், வேண்டிய உயரம் வந்ததும் அடியில் கட்டி அடைத்துவிட்டு ஜாக்கியை உருவுவார்கள். செங்கல் சுவர், சிமென்ட் கலவை, அடியில் கான்கிரீட் பெல்ட் என்று இருக்கிற வீட்டுக்கு அருமையான வேலை. எங்கள் சுவரோ கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கி மேலே சுண்ணாம்பு பூசியது. ஒரு கல்லைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கல் மட்டும் வரும். முற்றத்தைச் சுற்றி நிற்கிற மரத்தூண்கள் அஸ்திவாரத்தோடு சேராமல் தனித்தனிக் கல்லின் மேல் நிற்கின்றன. வந்தவர் நல்ல மனுஷன், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிலும் பெல்ட் போட்டு, கூரையை முழுக்கப் பிரித்து இறக்கி வைத்துவிட்டுத் தூக்கலாம் என்றார். அப்படிச் செய்வதற்குப் பெயர் தூக்குவது இல்லை, பிரித்துக் கட்டுவது. அதற்குப் பிறகு அவர் சொன்ன தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை, அண்ணன் இதைப் படிப்பான்.

அண்ணன் துபாயில் இருக்கிறான், அவனுக்கு விற்கத்தான் விருப்பம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று பேருக்குப் பாகம், சென்ட் கணக்கில் பார்த்தால் நல்ல காசு, அம்மைக்கு வயதாகிறது, ஒவ்வொரு மழைக்கும் நான் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் பிடித்து ஓடி வருகிறேன். ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வீட்டைக் கழித்துவிட்டு மனைக்குத்தான் விலை சொல்கிறார்கள், போதாததற்கு "மண்ணு நிறைய அடிக்கணுமே, பள்ளமால்லா கெடக்கு" என்று அதிலும் குறைக்கிறார்கள். பள்ளத்தை உண்டாக்கியது நாங்களா!

நாங்கள் கடைசியில் செய்தது பெரிய வேலை எதுவும் இல்லை. முற்றத்து ஓடையைத் தெருப் பக்கம் கல் வைத்து அடைத்துவிட்டோம். இப்போது முற்றத்துத் தண்ணீர் குழாய் வழியாகப் புறவாசலுக்குப் போகிறது, அங்கே பழைய தொழுவம் இருந்த இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி ஜல்லியும் மணலும் கரியும் போட்டு, நிரம்பினால் கிணற்றுக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறோம். 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி வேண்டும் என்று அரசு சட்டம் போட்டபோது, கணக்குக் காட்ட எல்லாரும் ஒரு குழாயை மண்ணில் சொருகிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழாய் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதை ஒழுங்காகச் செய்தோம். போன கோடையில் கிணற்றில் ஒரு உறைக்கு மேல் தண்ணீர் கூட நின்றது, முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் தெருவே எங்கள் கிணற்றுக்கு வந்தது. கழிவறைக் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று மாட்டினோம். இதை எல்லாரும் மாட்டுங்கள், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வாசலுக்கு நிரைப்பலகை, பழைய கடைகளில் கதவுக்குப் பதில் வரிசையாக அடுக்குகிற பலகை. சந்தையில் ஒரு பழைய மளிகைக் கடையை இடித்தபோது எண் போட்ட பலகைகளை அப்படியே விலைக்கு வாங்கினோம். படிப்புரையின் இரண்டு பக்கமும் கல்லில் காடி வெட்டி, மழை பலத்தால் மூன்று பலகையைப் படுக்கை வாட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கிவிடுவது, இடுக்கில் களிமண் அப்புவது. அம்மை தனியாகவே செய்துவிடுகிறாள். பால்காரர் பலகைக்கு மேலே பாக்கெட்டை நீட்டிவிட்டுப் போகிறார்.

சுவர்தான் நிறைய நாள் எடுத்தது. ஈரம் கீழிருந்து ஏறி, சுவரெல்லாம் பொரிந்து உப்புப் பூத்திருந்தது. தொண்ணூறுகளில் சித்தப்பா ஆசை ஆசையாக இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசி பெயின்ட் அடித்திருந்தார், ஈரம் அதற்கு அடியில் சிக்கிக்கொண்டு, சிமென்ட் எங்கே முடிகிறதோ அதற்கு மேலே போய் வெளியே வந்தது. இரண்டடி ஏறிய ஈரம் நாலடி ஏறியது. தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் சுவரைத் தடவிவிட்டு, "தம்பி, சொவருக்கு வேர்க்கணும். செமெண்டு பூசுனா அது எங்க போயி வேர்க்கும்?" என்றார். சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு வேனல் முழுக்கக் காயவிட்டு, சிப்பிச் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசினார். கருப்பட்டி வாசனைக்குத் தெரு எறும்பு முழுக்க வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஈரம் இன்னும் வரத்தான் செய்கிறது, ஆனால் வந்த வழியே காய்ந்து போகிறது, பொரியவில்லை. பூச்சு முடிந்த பிறகும் அரங்கின் தரை மட்டும் ஈரமாகவே இருந்தது. நாகராஜா கோவில் கருவறைக்கு இன்றைக்கும் ஓலைக் கூரைதான், தரை ஈர மண், அந்த மண்ணைத்தான் பிரசாதமாகக் கொடுப்பார்கள். "ஈர மண்ணு கேட்டு ஆவணி ஞாயித்துக்கிழம அம்புட்டு கூட்டம் நிக்குது. பேசாம நம்ம அரங்கத் தொறந்து விட்டுருவமா மக்ளே" என்றாள் அம்மை.

ரோடு விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஓர் உத்தரவு போட்டார்: பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடக் கூடாது, மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும், ரோடு உயர்ந்து வீடுகள் தாழ்ந்து போகக் கூடாது. அந்தச் செய்தியை வெட்டி நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரிய ரோடுகளில் மில்லிங் மெஷின் வந்து சுரண்டுவதைப் பார்க்கவும் செய்கிறேன். ஆனால் எங்கள் தெரு அகலத்துக்கு அந்த மெஷின் திரும்பாது. தாரைச் சுரண்டலாம், கான்கிரீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைத்தால் அள்ளிக்கொண்டு போக வேண்டும், அள்ளிக்கொண்டு போக கூலியும் லாரியும் வேண்டும். மேலே இன்னொரு அட்டி போடுவது எவ்வளவு எளிது என்பது யாருக்கும் புரியும். இன்டர்லாக் கல் இந்த விஷயத்தில் பரவாயில்லை, கையால் பெயர்த்து எடுக்கலாம், அடியில் இருக்கிற மணலை வழித்துவிட்டு அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். போன முறை பெயர்த்தவர்கள் அதற்கு மேலே ஜல்லி கொட்டிப் பதித்துவிட்டுப் போனார்கள், அது வேறு கதை.

அடுத்த ரோடு எங்கள் தெருவுக்கு வரப் போகிறது என்று பேச்சு. தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று நடந்தேன். மேடாக இருக்கிற வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று நினைத்தால், ஆச்சரியம், எதிர் வீட்டு அண்ணாச்சிதான் முதலில் போட்டார். கட்டும்போது மூன்றடி தூக்கிக் கட்டிய வீடு அது. இப்போது வாசலில் ஒரு சாண்தான் மிச்சம் இருக்கிறதாம், கார் ஏறும்போது அடியில் இடிக்கிறதாம். "ஒங்க வீட்டப் பாத்து நாம் முன்னால சிரிச்சேன் டே, இனி என் முறை" என்றார். எங்கள் வாசல் நிலைக்கல்லில் இன்றைய ரோட்டு மட்டத்தை உளியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், எத்தனை அங்குலம் ஏறினார்கள் என்று நாளைக்கு யாரும் வாதாட முடியாது. அண்ணாச்சியும் தன் கேட் தூணில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டார்.

அண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டான், சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சில்லை. தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்கு வருவோம்லா, அப்ப உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்துரலாம் என்றான். ஓணத்துக்கும் இதையேதான் சொன்னான்.